இன்ஜினை இறக்காமலே ஆயில் கசிவை நிறுத்த முடியுமா?

இரவு நிறுத்திய காரைக் காலையில் எடுத்ததும், போர்ட்டிகோ தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு வட்டம். முதல் வாரம் துடைத்துவிடுவார்கள். அடுத்த வாரம் பழைய சாக்கு ஒன்றை விரிப்பார்கள். மூன்றாவது மாதம் அந்தச் சாக்கே ஊறிப்போயிருக்கும். 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று வீட்டில் எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள். பிறகு ஒருநாள் மெக்கானிக், "ஆயில் சேம்பர் பேக்கிங் போயிடுச்சு. இன்ஜினை இறக்கித்தான் மாத்தணும்" என்பார். அன்றைக்குத்தான் தூக்கம் போகும்.

இன்ஜினை இறக்குவது சாதாரண வேலை இல்லை. கூலன்ட்டை வடிக்க வேண்டும், வயரிங்கைக் கழற்ற வேண்டும், ஆக்ஸிலைப் பிடுங்க வேண்டும். பல கார்களில் ஏ.சி. பைப்பையும் கழற்றி, பிறகு கேஸ் நிரப்ப வேண்டும். கார் நாள்கணக்கில் ஷெட்டில் நிற்கும். மாற்றப்போகும் பேக்கிங்கின் விலை சொற்பம். அதை மாற்றுவதற்கான கூலிதான் பல மடங்கு.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சின்ன கார்கள் பலவற்றில் இந்த வேலையைக் கீழிருந்தே முடித்துவிடலாம். ஆனால், கசிவது சேம்பர்தானா என்பதை அதற்கு முன் உறுதி செய்துகொள்ள வேண்டும். பலருடைய பணம் வீணாவது இந்த இடத்தில்தான்.

நைட் டூட்டிக்கு கார் வேண்டும்

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் அவர். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் இருப்பது 12 வருடப் பழைய சின்ன பெட்ரோல் கார். வாரத்தில் மூன்று நாள் நைட் டூட்டி. மற்ற நாள்களில் மகனை டியூஷனில் விட்டு அழைத்து வருவது, மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் அதே காரில்தான்.

காருக்கு அடியில் ஆயில் சொட்டியது. சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. வழியாகக் கருகிய வாடையும் வந்தது. முதலில் போன ஷெட்டில், "இன்ஜினை இறக்கணும், அஞ்சு நாள் ஆகும்" என்றார்கள். யோசித்துச் சொல்வதாகக் கிளம்பியவர், உறையூரில் தெரிந்தவர்கள் சொன்ன இன்னொரு ஷெட்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் அறுபதை நெருங்கும் மெக்கானிக்.

"அண்ணே, இன்ஜினை இறக்கணும்னு சொல்றாங்க. அஞ்சு நாள் வண்டி இல்லாம என்னால டூட்டிக்குப் போக முடியாது."

"இறக்குறது அப்புறம் இருக்கட்டும்மா. எங்க இருந்து ஒழுகுதுன்னு யாராவது பார்த்தாங்களா?"

"சேம்பர் ஈரமா இருக்குன்னு சொன்னாங்கண்ணே."

"ஆயில் எங்க இருந்து ஒழுகினாலும் கடைசியில சேம்பர்தாம்மா ஈரமாகும். அதுதானே எல்லாத்துக்கும் கீழ இருக்கு!"

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது.

கசிவைக் காட்டிக்கொடுக்கும் பவுடர்

இன்ஜினுக்கு அடியில், பாத்திரம் போல போல்ட் போட்டு மாட்டப்பட்டிருப்பதுதான் ஆயில் சேம்பர். சிலர் இதை ஆயில் சம்ப் என்பார்கள். சின்ன கார்களில் சுமார் 3 லிட்டர் ஆயில் இதில் நிற்கும். ஆயில் பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக மேலே அனுப்பும். இன்ஜினின் பாகங்களை நனைத்துவிட்டு அது மறுபடியும் சேம்பருக்கே வந்து சேரும். சேம்பரின் விளிம்பும் இன்ஜின் பிளாக்கும் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கப்படுவதுதான் பேக்கிங். கார்க், ரப்பர் என்று பல வகை உண்டு. பல கார்களில் தனி பேக்கிங்கே இருக்காது. சிலிகான் பேஸ்ட் மட்டும்தான்.

சேம்பர் ஈரமாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. இன்ஜினின் தலைப்பகுதியில் இருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங் தளர்ந்தால், ஆயில் பக்கவாட்டில் வழிந்து கீழே வரும். ஆயில் ஃபில்டர் சரியாக இறுகாவிட்டாலும் வரும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச், கிராங்க் ஷாஃப்டின் முன்பக்க ஆயில் சீல், பின்பக்க ஆயில் சீல் என்று பட்டியல் நீளும். கார் ஓடும்போது அடிக்கும் காற்று, வழியும் ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். அதனால் சொட்டும் இடம் ஒன்றாகவும், கசியும் இடம் வேறாகவும் இருக்கும்.

உறையூர் மெக்கானிக் செய்தது எளிமையான சோதனை. இன்ஜின் ஆறிய பிறகு, கீழ்ப்பகுதி முழுவதையும் பிசுக்கு போகக் கழுவித் துடைத்தார். நன்றாகக் காய்ந்ததும் சேம்பரின் விளிம்பிலும் பிளாக்கின் பக்கவாட்டிலும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவினார். காரை ஸ்டார்ட் செய்து பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளைப் பவுடரில் ஆயில் முதலில் எங்கே கோடு போடுகிறதோ, அதுதான் கசியும் இடம்.

டேப்பட் கவர் பக்கம் காய்ந்திருந்தது. ஃபில்டரிலும் ஈரம் இல்லை. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்திலும் ஆயில் இல்லை. சேம்பரின் பின் மூலையில் மட்டும் கறுப்புக் கோடு. அதன் கீழே சைலன்ஸரின் முன் பைப். சூடான பைப்பில் ஆயில் சொட்டியதால்தான் கருகிய வாடை. இதை வெறும் நாற்றம் என்று விட்டுவிடக் கூடாது. கசிவு அதிகமானால் புகை வரும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

இன்னொன்றையும் அவர் பார்த்தார். இன்ஜினுக்குள் உருவாகும் வாயுவை வெளியேற்ற பி.சி.வி. என்ற சின்ன வால்வு இருக்கும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, எங்கெல்லாம் பேக்கிங் பலவீனமாக இருக்கிறதோ அங்கெல்லாம் ஆயிலைத் தள்ளும். வால்வைச் சுத்தம் செய்யாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றினால், கசிவு திரும்பி வரும்.

ஏன் 'இறக்கணும்' என்கிறார்கள்?

எல்லா மெக்கானிக்குகளும் ஏமாற்றுவதற்காக இப்படிச் சொல்வதில்லை. சில வண்டிகளில் அது நியாயமான பேச்சு.

பின் சக்கரங்கள் இழுக்கும் பழைய வகை வண்டிகளில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும். பலவற்றில் சேம்பருக்கு நேர் கீழே குறுக்குச் சட்டம் ஓடும். சில ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் முன் டிஃபரன்ஷியலே அங்கு வந்து நிற்கும். போல்ட்டுகளை எல்லாம் கழற்றினாலும், சேம்பர் இரண்டு அங்குலம் இறங்கிச் சட்டத்தில் இடித்துக்கொள்ளும். போதாததற்கு, ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் சேம்பருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். கீழேயும் இறங்காது, பக்கவாட்டிலும் நகராது.

இதற்கும் இன்ஜினை முழுவதும் வெளியே எடுக்காமல் ஒரு வழி உண்டு. இன்ஜின் மவுன்ட்டிங் நட்டுகளை மட்டும் கழற்றி, செயின் பிளாக் கொண்டு இன்ஜினை இருந்த இடத்திலேயே ஓரிரு அங்குலம் தூக்குவார்கள். ரேடியேட்டர் ஃபேன் இடிக்கிறதா, ரப்பர் ஹோஸ்கள் இழுபடுகின்றனவா என்று பார்த்துப் பார்த்துத் தூக்க வேண்டும். தூக்கிய இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுத்த பிறகே கீழே கை வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1980-களில் வந்த வி8 ஃபோர்டு மஸ்டங் கார்களில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். இன்ஜினைக் கொஞ்சம் தூக்கி, சேம்பரைப் பாதி இறக்கி, இடைவெளியில் கையை விட்டு ஆயில் பம்பின் போல்ட்டுகளைக் கழற்றுவார்கள். பம்ப் சேம்பருக்குள்ளேயே விழுந்துவிடும். இரண்டையும் சேர்த்து வெளியே உருவிவிடுவார்கள்.

முன் சக்கரங்கள் இழுக்கும் சின்ன கார்களில் இந்தச் சிரமம் பெரும்பாலும் இல்லை. இன்ஜின் குறுக்குவாட்டில் இருப்பதால், சேம்பர் கீழ்நோக்கித் திறந்தே இருக்கும். சைலன்ஸரின் முன் பைப்பையும், சில மாடல்களில் கிளட்ச் ஹவுஸிங்கின் அடித்தகட்டையும் கழற்றினால் வழி கிடைத்துவிடும். நர்ஸின் காரும் இந்த வகைதான்.

வேலை எப்படி நடந்தது?

இந்த வேலையில் முதல் ஆபத்து இன்ஜினுக்கு இல்லை, மனிதருக்குத்தான். வெறும் ஜாக்கில் தூக்கிய காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஜாக் நழுவினால் தப்பிக்க நேரம் கிடைக்காது. ஷெட்டில் பிட் எனப்படும் பள்ளமோ, லிஃப்டோ இருக்க வேண்டும். இல்லையென்றால் கார் உறுதியான ஸ்டாண்டுகளில் நிற்க வேண்டும். வீட்டு வாசலில் செங்கல்லை அடுக்கி இதை முயற்சி செய்யவே கூடாது. செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது டிரெய்ன் போல்ட்டைத் திறந்து வடித்தார்கள். கொதிக்கும் ஆயிலில் கை வைத்தால் கொப்பளித்துவிடும். முற்றிலும் ஆறினால் சரியாக வடியாது. அடுத்தது சைலன்ஸர் பைப்பின் நட்டுகள். 12 வருடத் துரு. "இதுல அவசரப்பட்டா ஸ்டட் ஒடியும். அதை எடுக்கவே ஒரு நாள் போயிடும்" என்ற மெக்கானிக், துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து கழற்றியபோது எல்லாமே அலுங்காமல் வந்தன.

சேம்பரைச் சுற்றி இருந்தவை பத்து நம்பர் ஸ்பேனர் போடும் சின்ன போல்ட்டுகள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் சேம்பர் இறங்கவில்லை. பழைய பேஸ்ட் பிடித்துக்கொண்டிருந்தது. உதவிக்கு இருந்த பையன் ஸ்க்ரூ டிரைவரையும் சுத்தியலையும் எடுத்தான்.

"தம்பி, அதை வை கீழ. பிளாக் அலுமினியம்டா. ஒரு கீறல் விழுந்தா, எந்த பேக்கிங் போட்டாலும் அது வழியா ஒழுகும்."

மெல்லிய பட்டி பிளேடை விளிம்பில் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பேஸ்ட் அறுந்து சேம்பர் கையில் வந்தது.

சேம்பருக்குள் இருந்த எமன்

உள்ளே பார்த்ததும் மெக்கானிக்கின் முகம் மாறியது. சேம்பரின் அடியில் கறுப்புச் சகதி. அதற்கு நடுவே சாம்பல் நிறத்தில், புழுப் புழுவாகச் சிலிகான் துணுக்குகள். ஆயில் ஸ்ட்ரெய்னரின் வலையில் நான்கைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

எப்போதோ யாரோ இதே கசிவை நிறுத்துவதற்காக பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். சேம்பரை இறுக்கும்போது கூடுதல் பேஸ்ட் வெளியே பிதுங்குவதுபோல உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது ஆயிலில் ஊறி, பிய்ந்து விழுந்து, ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஸ்ட்ரெய்னர் அடைத்தால் பம்புக்கு ஆயில் கிடைக்காது. சேம்பர் நிறைய ஆயில் இருந்தும் பேரிங்குகள் காய்ந்து உரசி, இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

கசிவை நிறுத்துகிறேன் என்று மேலாக பேஸ்ட்டைத் தடவி அனுப்புவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அந்த வலை காட்டியது. அப்படிச் செய்திருந்தால் தரை சுத்தமாக இருந்திருக்கும். இன்ஜின் ஒரு நைட் டூட்டியின்போது நடுரோட்டில் நின்றிருக்கும்.

சகதியை விரலால் தேய்த்துப் பார்த்தார். மினுமினுக்கும் உலோகத் தூள் இல்லை. பேரிங்குகள் இன்னும் தேயவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். ஸ்ட்ரெய்னரைக் கழற்றி, வலை வெளுக்கும்வரை கழுவினார்.

பேஸ்ட்டா, பேக்கிங்கா?

கசிவுக்கான காரணம் விளிம்பில் தெரிந்தது. பின் மூலை போல்ட்டை முன்பு யாரோ முழு பலத்தோடு இறுக்கியிருந்தார்கள். தகட்டுச் சேம்பரின் ஓட்டையைச் சுற்றிக் குழி விழுந்து, பக்கத்தில் மேடு எழும்பியிருந்தது. கசிந்தால் இன்னும் இறுக்கினால் போதும் என்பது பலருடைய நினைப்பு. நடப்பது தலைகீழ். கார்க் நசுங்கிப் பிளந்துவிடும், விளிம்பு வளையும், கசிவு கூடும்.

தட்டையான இரும்புக் கட்டையில் விளிம்பை வைத்து, மெதுவாகத் தட்டி மட்டமாக்கினார். நேரான ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுக்கும் வேலை. ஒட்டுமொத்த வேலையில் அதிக நேரம் பிடித்தது இதுதான். சேம்பர் பக்கமும் பிளாக் பக்கமும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்தார். எண்ணெய் இருக்கும் இடத்தில் எந்த பேஸ்ட்டும் பிடிக்காது.

பேஸ்ட்டா, பேக்கிங்கா என்பதைக் கார் கம்பெனி எப்படி வடிவமைத்திருக்கிறதோ அப்படித்தான் முடிவு செய்ய வேண்டும். ரப்பர் பேக்கிங் போட வேண்டிய காரில் அதன் மேல் முழுவதும் பேஸ்ட் பூசினால், பேக்கிங் வழுக்கி வெளியே பிதுங்கும். பிளாக்கும் முன், பின் சீல் ஹவுஸிங்குகளும் சேரும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு வைப்பது பல கார்களுக்கான முறை. பேஸ்ட் மட்டும் போட வேண்டிய காரில், சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே கோடாக, அறுந்துபோகாமல் போட வேண்டும். போல்ட் ஓட்டைகள் வரும் இடத்தில் கோடு உள்பக்கமாக வளைந்து போக வேண்டும். பேஸ்ட்டில் ஆடை கட்டுவதற்குள் சேம்பரை மாட்டிவிட வேண்டும்.

நர்ஸின் கார் இரண்டாவது வகை. கோடு போட்டு, சேம்பரை மாட்டி, எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே திருகினார். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, இரண்டு பக்க ஓரங்களை நோக்கி, மாற்றி மாற்றி இறுக்கினார். இந்த அளவு போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கமே போதும். சின்ன ஸ்பேனரை மணிக்கட்டால் மட்டும் திருகும் பலம் அது. டார்க் ரென்ச் இருக்கும் ஷெட் என்றால் சந்தேகமே வேண்டாம்.

"இன்னிக்கே எடுத்துக்கலாமாண்ணே?"

"இன்னிக்கு ஆட்டோவுல போயிடும்மா. பேஸ்ட் ராத்திரி முழுக்கக் காயட்டும். நாளைக்குத்தான் ஆயில் ஊத்துவேன்."

மறுநாள் புதிய ஃபில்டர், புதிய ஆயில், டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர். இன்ஜினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, சாயங்காலம் சாவியைக் கொடுத்தார். ஐந்து நாள் என்ற வேலை இரண்டாவது நாளில் முடிந்தது. இன்ஜின் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

எப்போது இறக்கித்தான் ஆக வேண்டும்?

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால், பெரும்பாலும் அது கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல். அதற்கு கியர் பாக்ஸையாவது இறக்கியே ஆக வேண்டும். சேம்பருக்குள் உலோகத் தூள் மினுமினுத்தாலோ, இன்ஜினில் தட்டும் சத்தம் வந்தாலோ, பேக்கிங்கோடு வேலை முடியாது. சில மாடல்களில் உண்மையிலேயே வேறு வழி இருக்காது. அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் அது எழுதப்பட்டிருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

உயரமான வேகத்தடையில் இடித்துச் சேம்பரில் விரிசல் விழுந்திருந்தால், பேக்கிங்கை மாற்றிப் பயனில்லை. சேம்பரையே மாற்ற வேண்டும்.

சம்மதம் சொல்லும் முன் ஷெட்டில் கேட்க வேண்டியவை:

* எங்கிருந்து கசிகிறது? கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தீர்களா?
* பி.சி.வி. வால்வைச் சோதித்தீர்களா?
* இந்த மாடலில் சேம்பர் கீழிருந்து இறங்காமல் தடுப்பது எது?
* இந்த காருக்கு பேக்கிங்கா, பேஸ்ட்டா?
* சேம்பரைக் கழற்றியதும் உள்ளே இருப்பதையும் ஸ்ட்ரெய்னரையும் காட்டுவீர்களா?
* பேஸ்ட் காய எத்தனை மணி நேரம் விடுவீர்கள்?

இந்த ஆறுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் மெக்கானிக்கிடம் தாராளமாகச் சாவியைக் கொடுக்கலாம். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த பிறகும், முடியாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். சமதளத்தில் நிற்கும் காரின் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 'சிவப்பு விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். டேஷ்போர்டில் அலாவுதீன் விளக்கு போலத் தெரியும் அந்தச் சிவப்பு விளக்கு சொல்வது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. ஓடும் காரில் அது எரிந்தால், பாகங்களுக்கு ஆயில் போதவில்லை என்று அர்த்தம். அடுத்த பங்க் வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்காமல், ஓரம்கட்டி இன்ஜினை உடனே நிறுத்திவிடுங்கள்.